ஓணமும் பொங்கலும் ஒரே பலகைத் தளத்தில்

உட்காருங்கள், பிள்ளைகளே. கைதட்டல் எல்லாம் வேண்டாம், நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. உங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நம்முடைய புது ஷோவும் உலகத்துப் பண்டிகைகளைப் பற்றியதுதான், நீங்கள் அந்தக் காலத்திலேயே இதைச் செய்தவர், இவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் நானில்லை. இன்னொன்று, சாதனைக் கதை கேட்க வந்திருந்தால் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம். நான் சொல்லப்போவது என் தப்பு. அதில் ஒருத்தியின் கால் சம்பந்தப்பட்டிருக்கிறது.

நீங்கள் ஆடுவது ஐஸ் மேல். காட்சிக்கு முன்னால் ஒரு இயந்திரம் வந்து தளத்தை மழித்துவிட்டுப் போவதைப் பார்த்தேன், பொறாமையாக இருந்தது. எங்களுக்கு ஐஸ் கிடையாது. அயினி மரப் பலகைகளைக் கொக்கி போட்டுக் கோத்த வட்டத் தளம், அதன்மேல் வெள்ளை பெயின்ட், ஓரத்தில் பனி என்று சொல்லிப் பஞ்சு. காலில் சக்கரம் வைத்த பூட்ஸ். ஆனால் சுவரொட்டியில் முதலாளி 'பனித்தரை நடனம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். பாறசாலையில் முதல் நாள் மூன்று பெரியவர்கள் கொளுத்துகிற வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கடைசிவரை வியர்வையைத் துடைத்தார்களே தவிர, கம்பளியை எடுக்கவில்லை. டிக்கெட் வாங்கியாயிற்று, குளிரை விட்டுக்கொடுப்பார்களா?

ஷோவின் பெயர் 'உலகத் திருநாள்'. சீனாக்காரர் புத்தாண்டு, வெள்ளைக்காரர் கிறிஸ்மஸ், பெருநாள், ஓணம், பொங்கல், தீபாவளி என்று எல்லாம் சக்கரத்தின் மேலேயே நடக்கும். குடும்பத்தோடு வந்து பார்க்கிற ஷோ. என் வேலை வரிசைப் பலகை. எந்த ஐட்டம் முதலில், எது அப்புறம் என்று கரும்பலகையில் எழுதுவதும், நேரம் வந்ததும் திரைக்கயிறு இழுப்பதும் நான்தான். கேட்டால் சின்ன வேலையாகத் தோன்றும். அந்தக் கயிறு என் கையில் இருக்கும்வரை முதலாளியே ஆனாலும் தளத்தில் கால் வைக்க முடியாது.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் வரிசை யாருடைய பெருமைக்காகவும் போட்டதில்லை. தளத்துக்காகப் போட்டது. ஓணத்தில் நிஜப் பூ வைத்துக் கோலம் போடுவோம், அதனால் அது இடைவேளைக்குச் சற்று முன்னால் வரும். இடைவேளையில் பூவைக் கூட்டி, ஈரச் சாக்கால் துடைத்து, உலரவிட்டு, குங்கிலியப் பொடி தூவினால் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும். அதற்கப்புறம் பொங்கல். அதில் பால் பொங்கும், ஆனால் சின்னப் பானை, கீழே தகரத் தட்டு, ஒரு சொட்டு பலகையில் விழாது. கடைசியில் தீபாவளி. அதுதான் லில்லிபாயின் ஐட்டம்.

லில்லிபாய் ஆரியங்கோட்டுக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கொழும்புக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகளும் ஊரில் அவள் அக்காள் வீட்டில். இவள் கால் ஓடினால்தான் அங்கே அடுப்பு எரியும். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் மூன்று அடுக்குப் பித்தளைத் தட்டு, தட்டில் இருபத்தொரு எண்ணெய் விளக்கு. கூடாரத்தை இருட்டாக்கிவிட்டு அவளை விடுவோம். இரண்டு சுற்று ஓரமாகப் போவாள், மூன்றாவது சுற்றில் நடுவுக்கு வந்து ஒரே இடத்தில் பம்பரமாகச் சுழலுவாள். ஒரு விளக்கும் அணையாது. குழந்தைகள் மூச்சுவிட மறந்துபோகும்.

அந்தத் தட்டு தலையில் இருக்கும்போது அவளால் குனிய முடியாது. தளத்தைப் பார்த்தால் தட்டு சாயும். அதனால் ஒவ்வொரு காட்சியிலும் திரைக்குப் பின்னால் நின்று நேராகப் பார்த்தபடியே என்னிடம் கேட்பாள், "தங்கம், தளம் எப்பிடி உண்டு?" நான் பார்த்துவிட்டு, "செரியாக்கும், போ" என்பேன். அவளுக்குத் தளம் என்றால் என் வாய்தான்.

இனி பாறசாலைக்கு வருவோம். அது திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்த காலம். தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், விடமாட்டோம் என்று ஒரு கூட்டம். பாறசாலை இருந்த நெய்யாற்றின்கரை தாலுகா நடுவில் மாட்டிக்கொண்டது. கடைப் பலகையில் இன்று தமிழ் எழுத்தின் மேல் தார் பூசியிருந்தால் நாளை மலையாளத்தின் மேல் பூசியிருக்கும். பஸ் பக்கத்து உதியன்குளங்கரையில் நின்றால் கண்டக்டர் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார். இத்தனைக்கும் வீட்டுக்குள் அந்தப் பக்கத்துக்காரர்களான நாங்கள் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் பேச்சை முடிக்கிற ஆட்கள். சம்பந்திகள், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். கொடி பிடிக்கப் போனபோதுதான் நாங்கள் இரண்டு ஜாதி மனிதர் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும்.

மைக்கில் எந்தப் பாஷை முதலில் என்று சண்டை வருமே என்று முதலாளி மைக்கையே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். பேண்டு வாத்தியம் மட்டும். அறுவடை முடிந்த வயலில் கூடாரம். நான்கு நாள் நன்றாகவே போனது. ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, என் சித்தப்பா மகன் தாசன் நாலைந்து பேரோடு வந்து நின்றான்.

"அக்கா, நேத்து ஷோ கண்டேன். ஓணத்துக்குப் பொறவாக்கும் பொங்கலா?"

"ஆமா. அதுக்கு என்ன இப்பம்?"

"பொங்கல் முன்ன வரணும். இல்லேண்ணா நாளைக்கு மாட்டினி நடக்காது. கூடாரத்துக்குத் தீ பிடிச்சா என்னக் குத்தம் பறையப்பிடாது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "எலே தாசா, நம்ம வீட்டுல எண்ணைக்குலே பொங்கல் வச்சோம்? நாம மிஷன் சபைக்காரங்க. ஒனக்க அம்மெ கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்து சுடுவா, அதத் திங்கத் தெரியும் ஒனக்கு. பொங்கலுக்க நெறம் தெரியுமாலே?"

"இதுவரை வைக்கல்ல. இப்பம் வைக்க வேண்டிய காலமாக்கும்," என்றான். அவன் சிரிக்கவில்லை. சின்ன வயதில் என் முதுகில் தொங்கிக்கொண்டு திரிந்த பயல், கண்ணைப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தது.

அவன் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, உதியன்குளங்கரையில் மருந்துக்கடை வைத்திருந்த பாஸ்கரன் பிள்ளை வந்தார். மரியாதைக்காரர். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்.

"தங்கம், நான் வழக்குக்கும் சண்டைக்கும் வரல்ல, கேட்டியா. ஐட்டம் மாத்தப்போறதா கேள்விப்பட்டேன். ஓணத்தத் தாழ்த்தப்பிடாது. பயலுவ கோவத்துல கலிச்சு நிக்கானுவ. எனக்கு அவனுவளப் பிடிச்சு நிறுத்த ஒக்காது."

சாயங்காலம் நெய்யாற்றின்கரையிலிருந்து போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். சனிக்கிழமை மாட்டினிக்கு இரண்டு தரப்பும் ஆள் திரட்டுவதாக அவருக்குத் தகவல். காட்சியை ரத்து செய்தால் அதையே சாக்காக வைத்துத் தெருவில் இறங்குவார்கள், அதனால் நடத்துங்கள் என்றார். இடது கேலரியில் ஒரு கூட்டம், வலது கேலரியில் ஒரு கூட்டம், நடுவில் கயிறு. "ஆனால் இடைவேளை விடக்கூடாது. எல்லாரும் டீக்கடையில் வந்து கலந்தால் என்னிடம் அதற்கு ஆள் இல்லை." சொன்னது நியாயம். நானும் தலையாட்டினேன்.

முதலாளி தலச்சேரிக்காரர். அவருக்கு இந்தச் சண்டையின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "தங்கம், இது நின்டெ நாடல்லே, நீ தன்னே ஒரு வழி காண்" என்று என் தலையில் கட்டிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

நான் வழி கண்டேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. எது முதலில் என்பதுதானே சண்டை? இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்திவிட்டால்? தளத்தில் பாதி ஓணம், பாதி பொங்கல். அங்கே பூக்கோலம் சுற்றி ஆட்டம், இங்கே பானை சுற்றி ஆட்டம். யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை. வம்பான ஐட்டம் என்பதால் கடைசிக்குத் தள்ளினேன். அதற்குப் பிறகு தீபாவளி மட்டும். விளக்கைக் கண்டால் கூட்டம் அடங்கி வீட்டுக்குப் போகும் என்று கணக்கு. தாசனிடம் சொன்னேன், ஒப்புக்கொண்டான். ஆனால் பானையும் பாலும் தாங்களே கொண்டுவருவோம் என்றான். பாஸ்கரன் பிள்ளையிடம் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். பூ நாங்கள் தருவோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உட்கார்ந்து பெரிய மனிதர்கள் முடிக்காததை நான் ஒரு சாக்குக்கட்டியை வைத்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் ஒரு நாள் அப்படித் தோன்றும்.

புது வரிசையைப் பலகையில் எழுதியபோது லில்லிபாய் பின்னால் வந்து நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தங்கம், இடைவேளை இல்லேண்ணா தளம் எப்பம் தொடைப்பாங்க?"

"கோமாளிங்க ரெண்டுபேரு தூத்துட்டுப் போவாங்க. மூணு நிமிசம் பேண்டு வாசிச்சா போதும்."

"மூணு நிமிசத்துல பூவும் பாலும் போவுமா பிள்ளே?"

"நான் கயிறு பிடிச்சிட்டு நிக்கேன்லா? தளம் செரியில்லேண்ணா உன்னை விடுவேனா?"

நான் சொன்னால் அவளுக்கு அது போதும்.

சனிக்கிழமை மூன்று மணி. இடது பக்கம் தாசன் ஆட்கள், வலது பக்கம் பாஸ்கரன் பிள்ளையால் நிறுத்த முடியாத ஆட்கள், இரண்டு பக்கமும் கீழ்வரிசையில் பெண்களும் குழந்தைகளும். வீட்டில் விட்டுவிட்டு வரக்கூடாதா? கேலரி என்றால் மூங்கிலில் கட்டிய பலகைப் படி. மேலே இருப்பவன் ஒருவன் குதித்தால் கீழே இருப்பவர்கள் மேல்தான் விழுவான். வெளியே போகும் வழி ஒன்றுதான்.

முதலில் பானை வந்தது. எங்கள் பானையைப் போல மூன்று மடங்கு. அதில் விளிம்புவரை பால். சீக்கிரம் பொங்கட்டும் என்று நிறைத்திருக்கிறார்கள்! பொங்கல் வைத்துப் பழகிய எந்த வீட்டிலாவது அப்படி நிறைப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிற பயல்கள், அவர்களுக்கு என்ன தெரியும். எங்கள் தகரத் தட்டு அந்தப் பானையின் அடிக்கே போதவில்லை. அடுத்து பூ. மூன்று பெரிய ஓலைக் கடவம் நிறைய. தும்பை, தெற்றி, அரளி, மேலே குவியலாகச் செம்பருத்தி. நாங்கள் செம்பருத்தியைத் தளத்தில் சேர்ப்பதே கிடையாது. அதைக் கசக்கினால் எப்படிக் கொழகொழவென்று ஆகும் என்பது அதை அரைத்துத் தலைக்குத் தாளியாகத் தேய்க்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு கடவத்தைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தேன், பேசாமல் இருந்துவிட்டேன்.

டிராகன் வந்தது, கிறிஸ்மஸ் வந்தது, பெருநாள் வந்தது. கைதட்டல் வந்ததே தவிர, யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நான் கயிறு இழுத்தேன், ஓணமும் பொங்கலும் சேர்ந்து உள்ளே போயின.

நன்றாகத்தான் ஆடினார்கள், பாவம். ஆனால் பால் பொங்கியதும் இடப்பக்கம் எழுந்து நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது. உடனே வலப்பக்கம் எழுந்து "ஆர்ப்போ" என்று ஓணக் கூவல் கூவியது. இவர்கள் கத்தக் கத்த அவர்கள் கூவினார்கள். மூங்கில் கிறீச்சிட்டது. பால் நிற்கவே இல்லை. தட்டைத் தாண்டி, பலகை வாட்டத்தில் ஓடி, பூக்கோலத்துக்குள் போனது. அதன்மேல் பன்னிரண்டு ஜோடி சக்கரங்கள். நான் திரை இடுக்கில் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆட்டம் முடிந்தது. கோமாளி வர்கீஸும் கூட்டாளியும் துடைப்பத்தோடு ஓடினார்கள். வர்கீஸ் பழக்கதோஷத்தில் இடுப்பை ஆட்டிக்கொண்டு பூவைத் தள்ளினான். வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல், "எடா, ஓணப்பூவை காலால சவிட்டாதடா!" அவன் பயந்து பூவை விட்டுவிட்டுப் பால் பக்கம் திரும்பிச் சாக்கை எடுத்தான். இடப்பக்கம் உடனே சீறியது, "எலே, பொங்கல் பாலையா சாக்கு வச்சுத் தொடைக்க?" ஒரு தேங்காய்ச் சிரட்டை பறந்து வந்து அவன் முதுகில் விழுந்தது. இரண்டு பேரும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் திரைக்குள் ஓடிவந்தார்கள்.

வர்கீஸுக்கு மூச்சு வாங்கியது. என் காதருகே வந்து சொன்னான், "தங்கம், நடுவில சோப்பு தேச்ச மாதிரியுண்டு. ஆள விடாதே."

பேண்டுக்காரர்கள் தீபாவளி மெட்டை ஆரம்பித்துவிட்டார்கள். இருட்டாக்கப் பக்கவாட்டுப் படுதாவையும் இறக்கிவிட்டார்கள். லில்லிபாய் விளக்குத் தட்டோடு என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். வர்கீஸ் சொன்னது அவள் காதில் விழவில்லை.

நான் இடுக்கு வழியாகக் கேலரியைப் பார்த்தேன். தாசன் பெஞ்சின் மேல் ஏறி நிற்கிறான். எதிரே நாலு பேர் நடுக்கயிற்றைத் தாண்டக் கால் வைத்துவிட்டார்கள். போலீஸ் அதிகாரி விசிலை வாயில் வைத்திருக்கிறார், ஊதவில்லை. கீழே ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் விழிக்கிறாள். தளம் இன்னும் ஒரு நிமிஷம் காலியாக இருந்தால் இவர்கள் அதில் இறங்கிவிடுவார்கள். தளம் வழுக்குகிறது என்று சொல்ல மைக்கும் இல்லை. இந்தக் கூட்டத்தை அடக்க இருபத்தொரு விளக்கைத் தவிர என்னிடம் வேறொன்றும் கிடையாது.

"தங்கம், தளம் எப்பிடி உண்டு?"

"செரியாக்கும், போ," என்றேன்.

கயிற்றை இழுத்தேன்.

இருட்டில் விளக்குகள் உள்ளே போனதும் கூச்சல் அறுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே அறுந்தது. கயிற்றைத் தாண்ட வந்தவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஒரு குழந்தை "அம்மா, விளக்கு" என்று சொன்னது கூடாரம் முழுக்கக் கேட்டது. முதல் சுற்று. இரண்டாவது சுற்று. தாசன் பெஞ்சிலிருந்து இறங்கி உட்கார்ந்தான். நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் அவள் நடுவுக்குத் திரும்பினாள்.

அவள் கத்தவில்லை. பித்தளைத் தட்டு பலகையில் மோதிய சத்தம்தான் கேட்டது. எண்ணெயில் தீ ஓடியது. வர்கீஸ்தான் ஈரச் சாக்கோடு பாய்ந்து தீயின் மேல் விழுந்து அணைத்தான். தாசன் ஒரு பக்கமிருந்தும் பாஸ்கரன் பிள்ளை மறுபக்கமிருந்தும் அவளைத் தூக்க ஓடிவந்தார்கள், இரண்டு பேரும் பாதி வழியில் வழுக்கிக் குப்புற விழுந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. தளத்தின் ஒரு பலகையைக் கொக்கி கழற்றி எடுத்து, அவளை அதில் கிடத்தி, போலீஸ் வண்டியில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக வெளியே போனது. ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்த நேரத்தில் விளக்கை உள்ளே விட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே என்று முதலாளி சொன்னார். போலீஸ் அதிகாரி எனக்குக் கைகூப்பினார். விழுந்தது விதி என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டு இரவு ஒரு பொட்டு தூக்கம் இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று வரிவரியாக ஒத்திகை பார்த்தேன். இடது முழங்கால் சில்லு மூன்றாக உடைந்திருந்தது. நடக்கலாம், ஆனால் இனிச் சக்கரம் கிடையாது என்று டாக்டர் அவளிடம் சொல்லியாகிவிட்டது. கையில் தீக்காயக் கட்டு. என்னைப் பார்த்ததும், "வா, இரி" என்றாள்.

ஒத்திகை பார்த்ததை எல்லாம் ஒப்பித்தேன். "பிள்ளைங்க நெறைய இருந்துச்சு, லில்லி. ஒன்னை விடாம இருந்திருந்தா கேலரி இடிஞ்சிருக்கும். கொள்ளப் பேரு சவிட்டுப்பட்டுச் செத்திருப்பாங்க. எனக்கு வேற வழி தெரியல்ல."

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நீ பறையுது உள்ளதாக்கும்," என்றாள். "ஒரு ஆளு உள்ள போவணும். போனா அது நான்தான். அதுல ஒனக்கு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"பின்ன எதுக்கு பிள்ளே செரியாக்கும்ணு பறஞ்சே?"

நான் அவள் கைக் கட்டின் முடிச்சைப் பார்த்தேன்.

"நடுவுல வழுக்கு உண்டுண்ணு ஒரு வாக்கு பறஞ்சிருந்தா நான் நடுவுக்குப் போயிருக்க மாட்டேன். ஓரத்துலயே அஞ்சாறு சுத்து சுத்திட்டு வந்திருப்பேன். கூட்டமும் அடங்கியிருக்கும். எனக்க காலும் இருந்திருக்கும்."

அது எனக்குத் தெரியாததா? கொல்லத்தில் ஒரு முறை கூடாரம் ஒழுகித் தளம் நனைந்த அன்று அவள் அப்படித்தான் செய்தாள், நான்தான் அன்றும் கயிறு பிடித்தேன். பிள்ளைகளே, நான் ஒரு பக்கம் கூட்டம், ஒரு பக்கம் லில்லிபாய் என்று தராசு பிடித்துப் பெரிய முடிவு எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு தராசே அங்கே இல்லை. ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். பின்னே ஏன் சொல்லவில்லை? அதையும் அன்று அவளிடம் சொன்னேன். ஒத்திகை பார்க்காதது அது ஒன்றுதான்.

"நீ போவ மாட்டேன்ணு சொல்லிருவியோண்ணு பயந்துட்டேன், லில்லி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

"மாட்டேன்ணு பறையணும்ணா, தங்கம், அது நான்லா பறையணும்? எனக்க காலாக்கும்."